தலைப்பிடி

பிப்ரவரி 3, திங்கள்

ஆண்டாக்குப்பம் வந்து சேர்ந்தாயிற்று. எந்த முகாமுக்குப் போனாலும் அன்றாடப் பயிற்சியை அன்றன்றைக்கே நோட்டில் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் கோச் போட்ட சட்டம். பதினாலு வருஷம் கபடிக்கு எழுதினேன். இப்போது முதலைக்கு எழுதப் போகிறேன்.

விஷயம் இதுதான். கொள்ளிடத்துப் பக்கம் வாய்க்கால் வழியாக முதலைகள் ஊருக்குள் ஏறி வருகின்றன. பிடித்துப் பெரிய நீர்நிலையில் கொண்டுபோய் விட எங்கள் ரேஞ்சர் ஐயா ஒரு குழு போடுகிறார். கயிறு பிடிக்க ஆள் கிடைக்கும். முதலை மேல் ஏறுகிறவர்கள் இரண்டு பேர்தான். கழுத்தில் உட்கார்ந்து வாயைப் பிடிப்பவர் தலைப்பிடி. பின்னால் உட்கார்ந்து பின்னங்காலை அமுக்குபவர் இடுப்புப்பிடி. இடுப்புப்பிடிக்கு ஆள் இருக்கிறது. தலைப்பிடிக்கு இல்லை. பத்து நாள் பயிற்சியில் தேறினால் அந்த இடம் எனக்கு.

தேறாவிட்டால் திரும்ப நாற்றங்கால். வனக்காப்பாளர் என்று பெயர், மூன்று வருஷமாக பாலித்தீன் பையில் மண் ரொப்பிக்கொண்டிருக்கிறேன். "ஸ்போர்ட்ஸ் கோட்டால வந்த பொண்ணு, நெழல்ல உக்காரட்டும்" என்று எவரோ புண்ணியவான் முடிவு செய்துவிட்டார். மாநில அணிக்கு லெஃப்ட் கார்னர் நின்றவள் நான். எழுபது கிலோ ரைடரைக் கணுக்காலில் பிடித்துக் குப்புறப் போட்டிருக்கிறேன். இனிமேல் அந்தப் பையைத் தொடமாட்டேன், இது பாண்டீஸ்வரி எழுதி வைப்பது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பயிற்சி கொடுக்க வந்திருப்பது மெர்லின். நாகர்கோவில் பொண்ணு, இருபத்தேழு வயசு, என்னைவிட ஏழு வயசு சின்னவள். ஆள் என் தோளுக்குத்தான் வருவாள். மேடம் என்று கூப்பிட்டேன்.

"மேடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீங்க எனக்கு அக்கா. கேட்டியளா?"

கேட்டேன். ஆனால் அக்காவை நாள் முழுக்க ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் மேல் குதிக்க வைத்தாள். பின்னால் இருந்து ஓடி வந்து, கால் இரண்டும் இரு பக்கமும் விழ, கை இரண்டும் ஒரே நேரத்தில் முன்னால் இறங்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சுகிட்டே குதிச்சா பல்லு போகும் அக்கா" என்றாள்.

ஐம்பது தடவை குதித்தேன். கடைசி பத்தில் அவளும் சிரித்தாள்.

பிப்ரவரி 5, புதன்

இன்று நிஜ முதலை. நாலடி. இங்கே பழைய பாசனக் குளத்தைச் சுற்றிச் சுவர் கட்டி, பிடிபட்ட ஏழெட்டை வைத்திருக்கிறார்கள்.

மெர்லின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதுக்கு வாயை மூடத்தான் பெலன் உண்டு. தொறக்கதுக்குப் பெலன் கெடையாது. மூடிகிட்டு இருக்கச்ச நம்ம பிடி போதும். தொறந்து போச்சுண்ணா பத்து ஆள் போதாது. அதுனால என்ன ஆனாலும் பிடியை விடப்படாது."

பிடியை விடாதே என்று என்னிடம் சொல்கிறாள். போய்க் குதித்தேன், அமுக்கினேன், முடிந்தது. வயிற்றுப் பக்கம் தோல் மெத்தென்று இருக்கிறது. நாற்றம்தான் தாங்கவில்லை, மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

இடுப்புப்பிடி ஆள் கலியமூர்த்தி. நாற்பத்தைந்து வயசு இருக்கும், பதினெட்டு வருஷமாக வேட்டைத் தடுப்புக் காவலர், இன்னும் தற்காலிகம்தான். அதிகம் பேசமாட்டார். நான் இறங்கினதும், "மேடம் குந்துனா அதுவே மூச்சு விட மறந்துடுது" என்றார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தொடை இரண்டும் பிடித்துக்கொண்டது. மெஸ்ஸில் சப்பாத்தி, வறட்டி மாதிரி. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆறடி. நாலு தடவை ஏறினேன், நாலும் சுத்தம்.

வரிசை எனக்கு மனப்பாடம். சுருக்குக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக் கரைக்கு இழுப்பார்கள். நீளக் கழியில் காய்ந்த சாக்கைச் சுற்றி, கலியமூர்த்தி அதன் மூஞ்சியை இரண்டு தரம் துடைப்பார். ஈர மூஞ்சி வழுக்கும். பிறகு ஒரு சாக்கைக் கண் மேல் போடுவார். நான் ஏறுவேன், அவர் ஏறுவார், மெர்லின் வாயில் டேப் சுற்றுவாள். இறங்கும்போது அவர் முதலில், நான் கடைசியில்.

ரேஞ்சர் ஐயா வந்து பார்த்தார். "என்னம்மா, மண்ணு ரொப்புற கையா இது?" என்றார். திண்டுக்கல்லில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு அதைச் சொன்னேன். முதலை என்று சொல்லவில்லை, பெரிய வேலை என்று மட்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று எட்டடி. ஒரு விபத்து. என் கை வழுக்கிவிட்டது. கலியமூர்த்தி அண்ணனுக்கு முழங்கைக்குக் கீழே பல் கிழித்துவிட்டது. பதினொரு தையல். முழுக் கடி விழவில்லை, அந்த மட்டில் நல்லது.

மூஞ்சி ஈரமாக இருந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வந்திருந்தார்கள், பாவம், அழுதுவிட்டார்கள். காக்கிச் சட்டையை ஊற வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஐயா விசாரித்தார்.

"எப்படிம்மா விட்ட?"

"வழுக்கிருச்சுங்கய்யா."

"கலியமூர்த்தி மூஞ்சியத் தொடைக்கலையா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஈரமா இருந்துச்சா இல்லையா?"

"இருந்திருக்கும்ங்கய்யா."

இருந்திருக்கும் என்பது பொய் ஆகாது. தண்ணீரில் கிடக்கிற பிராணி, ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும்? நான் அவர் பெயரைச் சொல்லவே இல்லை. ஐயாவாகத்தான் எழுதிக்கொண்டார்.

சட்டையில் கறை போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

தூறல். துணி காயவில்லை. கட்டில் ஆடுகிறது, காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். விசில் யாரும் ஊதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கலியமூர்த்தி அண்ணனைப் பார்க்கப் போனேன். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு. வீடு பக்கத்து ஊரில்தான். கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஒங்க கைக்கு ஒண்ணும் ஆவலையே மேடம்? எங்க வூட்டுக்காரரு தொடைக்காம வுட்டது தப்புதான். மனசுல வெச்சிக்காதீங்க."

ஐயா சொல்லி அனுப்பிவிட்டாராம். இனி முதலை வேலைக்கு அவர் வேண்டாம். தற்காலிக ஆள், ஒரு வேலைக்கு வேண்டாம் என்றால் மெதுவாக எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று ஆகும். அது எனக்கும் தெரியும்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "ரெண்டு தபா தொடச்சேன்னுதான் மேடம் நெனப்பு. அன்னிக்கி என்னமோ வுட்டுட்டேன் போல. வயசாவுது இல்ல."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் வரவில்லை, நடந்தே வந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சரி. எழுதுகிறேன். இந்த நோட்டுக்குக்கூடப் பொய் சொன்னால் நான் எதற்கு எழுத வேண்டும்?

மூஞ்சி காய்ந்திருந்தது. அவர் இரண்டு தரம் துடைத்தார், நான் கண்ணால் பார்த்தேன். என் பிடி இரும்பு மாதிரி இருந்தது. வழுக்கவே இல்லை.

பிள்ளைகள் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். அவர்களை இறங்கச் சொல்லி வாட்ச்மேன் விசில் ஊதினார். நான் விட்டுவிட்டேன்.

பதினாலு வருஷம். விசில் வந்தால் பிடியை விட வேண்டும். ரைடர் கோட்டைத் தொட்டாலும் சரி, மண்ணில் கிடந்து துடித்தாலும் சரி, விசிலுக்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கைக்குப் பச்சை அட்டை காட்டுவார்கள். ஒரு தடவை வாங்கினேன், கோச் என்னை அடுத்த இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார். அதற்குப் பிறகு என் கை விசிலைக் கேட்டால் என்னைக் கேட்காது. விட்டதோடு நிற்கவில்லை. பிடியை விட்டேன் என்று ரெஃப்ரிக்குக் காட்டுவதுபோல் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். முதலை மேல் உட்கார்ந்துகொண்டு.

அது தலையைத் திருப்பியது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்து கலியமூர்த்தி அண்ணன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அதன் வாயை அமுக்கினார். அப்போதுதான் கிழித்தது. அது என் மூஞ்சிக்கு வந்த பல். அந்த மனுஷன் இப்போது தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வயசாகிவிட்டது என்கிறார்.

யாருக்கும் தெரியாது. மெர்லின் டேப்போடு குனிந்திருந்தாள், கை மேலே போனதைப் பார்த்தவர்கள் வழுக்கியதில் தெறித்தது என்றே நினைத்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் தலைப்பிடி எனக்குத்தான். திறந்தால் மண்ணும் பையும்தான். அதனால்தான் நாலு நாளாக எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை ஐயாவிடம் போகிறேன்.

பிப்ரவரி 15, சனி

போனேன். நின்றுகொண்டே சொன்னேன். மெர்லினும் அங்கே இருந்தாள்.

"விசிலுக்கு விட்டியா?" என்றார் ஐயா. முதலில் நம்பவில்லை. நம்பியதும் கோபம் வந்தது. "விட்டது கூடப் போகுதும்மா. நாலு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்த? அந்தாளு சோத்துல மண்ணு விழுந்திருக்கும்."

"தெரியும்ங்கய்யா."

"தெரிஞ்சு என்ன? திங்கக்கெழமை நாத்தங்காலுக்குப் போயிரு."

மெர்லின் வராண்டாவில் பிடித்துக்கொண்டாள். அவள் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை, இன்றும் போடவில்லை. "வழுக்கிச்சுண்ணா நான் கையுறையை மாத்துவேன். விசிலுண்ணா அதுக்கு வேற பயிற்சி உண்டும். நீங்க பொய் சொன்னா நான் எதை அக்கா திருத்த?"

அறைக்கு வந்து அழுதேன். பயந்து அழவில்லை. வெட்கம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கலியமூர்த்தி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஐயா சொல்லித் தெரியக்கூடாது, நான் சொல்லித் தெரிய வேண்டும் என்று முதல் பஸ்ஸுக்கே போனேன்.

அண்ணன் முழுதும் கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, "அஞ்சல, கேட்டியா? நான் தொடச்சிருக்கேன்" என்றார். இன்னொரு தரமும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மனுஷனுக்கு அது போதுமாக இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அஞ்சலை அக்கா நாற்காலி போடவில்லை, டீயும் தரவில்லை. வாசல்படியில் நின்று, "ஒன் கையப் புடிச்சுக் கேட்டேனே, அப்பவும் டீ குடிச்சிட்டுப் போனியே" என்று மட்டும் சொன்னார். நியாயம்தான்.

பெட்டி கட்டியாயிற்று.

பிப்ரவரி 17, திங்கள்

பெட்டியோடு ஆபீஸில் நிற்கிறேன், கலியமூர்த்தி அண்ணன் கைத்தொட்டிலோடு வருகிறார். ஐயா அவரை உட்காரச் சொன்னார். தப்பாக எழுதிவிட்டதாகவும், கை ஆறியதும் குழுவில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். தலைப்பிடிக்கு வேறு சரகத்திலிருந்து ஒரு பையனைக் கேட்டிருக்கிறாராம்.

"வாணாங்கய்யா. இந்தப் பொண்ணே குந்தட்டும்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன்யா, பதினோரு தையல் பத்தலையா?"

"புது ஆளு எதுக்கு வுடுவான்னு எனக்குத் தெரியாதுங்க. இது எதுக்கு வுடும்னு தெரிஞ்சு போச்சு. அத மட்டும் சரி பண்ணிட்டா மத்தபடி புடி நல்ல புடி. பின்னாடி குந்தப் போறது நானு. நான் சொல்றேன்."

"ஊருக்குள்ள போனா நூறு பேரு விசில் அடிப்பான்யா. போலீஸ்காரன் ஊதுவான். எல்லாரு வாயையும் மூட முடியுமா?"

"நான் மூடச் சொல்லலீங்க. இது காதத்தான் பழக்கணும்."

ஐயா ரொம்ப நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் மூன்று வாரம் கொடுத்தார். வெளியே வந்து அண்ணனிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் வாணாம். எனக்கு இன்னும் கோவம் போவல, பாண்டீசு" என்றார். மேடம் போய்விட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

திரும்ப நீல டிரம். மெர்லின் டிரம்மில் ஒரு பலகையைக் கட்டி அதை வாய் என்கிறாள். நான் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கலியமூர்த்தி அண்ணன் சுவர் மேல் உட்கார்ந்து, நல்ல கையில் விசிலை வைத்துக்கொண்டு, நினைத்த நேரத்தில் ஊதுகிறார். முதல் நாள் பதினாலு தரம் ஊதினார், பதினாலு தரமும் விட்டேன். வெட்கக்கேடு. நான் விடும்போதெல்லாம் அவர் தையலைத் தடவிக் காட்டுகிறார்.

ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் விடலாம் என்று மெர்லின் விதி போட்டிருக்கிறாள். அண்ணன் இறங்கிப் பத்தடி தள்ளிப் போய், "பாண்டீசு, வுடு" என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும், ரேஞ்சரே சொன்னாலும், பிடி பிடியாகவே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

நாற்பதில் ஒன்பது தடவை விட்டேன். அண்ணன் ஊதி ஊதி வாய் வலிக்கிறது என்கிறார். நன்றாக அனுபவிக்கிறார்.

மார்ச் 1, சனி

நூறில் பூஜ்யம். விரல் துடிக்கிறது, ஆனால் திறப்பதில்லை. இன்று ஆறடி முதலை மேலேயே உட்கார வைத்து ஊதினார்கள். டேப் சுற்றுகிறவரை விடவில்லை. இடுப்புப்பிடியில் ஜீப் டிரைவர்தான் உட்கார்ந்தார், அண்ணனுக்கு இன்னும் காயம் ஆறவில்லை. நான் பழைய பாண்டீஸ்வரி மாதிரி நடந்து வந்தேன் என்று மெர்லின் சொன்னாள். நெஞ்சை நிமிர்த்தி நடப்பது குற்றமில்லையே.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நிஜப் பிடி. ஊர் பெயர் வேண்டாம். துணி துவைக்கிற படித்துறையில் ஒன்பதடி ஒன்று ஏறிப் படுத்துவிட்டது. நாங்கள் ஜீப்பில் போய் இறங்கும்போது ஊரே கரையில் நின்றது. தென்னை மரத்தில்கூட ஆள்.

கயிறு விழுந்தது. அண்ணன் மூஞ்சியைத் துடைத்தார், இரண்டு தரம், இந்தத் தடவை என்னைப் பார்த்துக்கொண்டே. சாக்கு கண்ணில் விழுந்தது. குதித்தேன். உட்கார்ந்த மறு நொடி அது உடம்பை முறுக்கியது, என் முழங்கால் கல்லில் தேய்ந்தது. வாய் என் கையில் இருந்தது. பின்னால் அண்ணன் விழுந்து அமுக்கியது முதுகில் தெரிந்தது.

அவ்வளவுதான், கரையில் இருந்த அத்தனை பேரும் விசில் அடித்தார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து, நாக்கை மடித்து, தேர் இழுக்கிற கூட்டம் மாதிரி. ஒவ்வொரு விசிலும் எனக்குக் கேட்டது. ஒன்றுகூடக் கேட்காமல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் விரல் துடித்தது. துடித்தால் துடிக்கட்டும் என்று இன்னும் அமுக்கினேன். மெர்லின் டேப்பைச் சுற்றி முடித்து என் தோளில் தட்டினாள்.

ஆனால் நான் எழுத வந்தது அதை இல்லை.

கொண்டுபோய் விடுகிற நீர்நிலைக்கு ஊர்ப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் பைக்கில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கரையில் இறக்கி, கண்ணில் சாக்கோடு, மெர்லின் டேப்பை அறுத்துவிட்டு விலகினாள். அண்ணன் என் முதுகைத் தட்டிவிட்டு இறங்கினார். இப்போது ஒன்பதடி மேல் நான் மட்டும். டேப் இல்லாத வாய் என் கையில். அவர் சொல்ல வேண்டும், நான் விட்டுக் குதித்து ஓட வேண்டும்.

அவர் சொல்லவில்லை.

ஒரு மூச்சு விட்டேன். பையன்கள் விசில் அடிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது மூச்சு. எனக்குப் பின்னால் இருக்கிற மனுஷனை நான் நம்பித்தான் ஆக வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. நான் அவருக்குச் செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவது மூச்சு.

"பாண்டீசு, வுடு."

விட்டேன். பின்னால் குதித்து ஓடினேன். அது சாக்கை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. கூட்டம் கத்தியது. ஐயா கை தட்டினார், நான் பார்த்தேன், மறைக்க முடியாது.

திரும்பி வரும்போது ஜீப்பில் பின்னால் நானும் அண்ணனும்தான். முழங்காலில் மஞ்சள் மருந்து தடவிக்கொண்டே கேட்டேன்.

"ஏண்ணே அவ்வளவு நேரம்?"

"ஒரு பையன் பைக்க நேரா பின்னாடி கொண்டாந்து நிறுத்திட்டான். நீ ஓடி வந்து அதுலதான் முட்டியிருப்ப. நவுத்தச் சொன்னேன்."

"நான் வேற நெனச்சேண்ணே. அன்னிக்கி நான் விட்டதுக்கு நீங்க..."

அவர் வெளியே பார்த்தார். வயலில் உளுந்து காய்ந்து நின்றது. கொஞ்ச தூரம் போனதும் தையல் போட்ட கையால் என் தோளை ஒரு இடி இடித்தார்.

"ரெண்டு மூச்சு அந்த பைக்குக்கு. மூணாவது ஒனக்கு."

பதினொரு தையலுக்கு ஒரே ஒரு மூச்சுதானே, வாங்கிக்கொண்டேன்.